என்புப் புற்றுநோயும் இரசாயன மருந்தும்

என்பிலே தோன்றும் புற்றுநோய் அரிதானது. ஆயினும், அது வந்துற்ற இல்லங்களில் எழும் வினா ஒன்றுண்டு: "கட்டியைச் சத்திரசிகிச்சையால் அகற்றலாமெனின், மருந்தேற்றி உடலை வருத்துவது எதற்கு?" அலவத்துகொடப் பகுதியில் யாம் இவ்வினாவைப் பன்முறை கேட்டிருக்கின்றோம். விடையறியாது சிகிச்சையை இடைநடுவிற் கைவிடுவோரும் உளராதலின், அதனை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

ஒஸ்டியோசார்க்கோமா என்னும் என்புப் புற்றுநோய், கண்டறியப்படுமுன்னரே, எப்படத்திலும் புலப்படாத நுண்ணிய கலங்களைக் குருதிவழியே நுரையீரலுக்கு அனுப்பிவிடுதல் பெரும்பான்மை. களையை வெட்டினும் சிந்திய விதை முளைக்குமன்றோ? சத்திரசிகிச்சை ஒன்றே செய்யப்பட்ட காலத்தில் நெடிது வாழ்ந்தோர் பத்தில் இருவரளவே. 1970களில் மருந்தும் சேர்ந்தபின், நோய் பரவுமுன் வந்தோருள் பத்தில் அறுவரளவினர் ஐந்தாண்டு கடந்து வாழலாயினர். நாற்பது வயதைக் கடந்தோர்க்கு இப்பயன் சற்றுக் குறைவே.

அம்மருந்துகளுள் ஒன்று மெதோட்ரெக்சேட். சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மருத்துவக் கல்லூரியிலும் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், அமெரிக்காவில் நடத்திய ஆய்வுகளின் பேறு அது. டொக்சோரூபிசின், சிஸ்பிளாட்டின் என்பன ஏனையவை. வளர்ந்தோர்க்கு இவ்விரண்டையுமே கொடுப்பது பெருவழக்கு.

சத்திரசிகிச்சைக்கு முன் சில வாரங்களும் பின் சில மாதங்களும் மருந்தேற்றுவர். அகற்றிய கட்டியில் 90 வீதத்துக்கு மேற்பட்ட கலங்கள் மடிந்திருப்பின் அது நற்குறியாம். இன்று பலருக்குக் காலை வெட்டாமலே, நோயுற்ற என்பை மட்டும் நீக்கி உலோக உறுப்புப் பொருத்த இயலுகின்றது.

துன்பமும் உண்டு. முடி உதிரும், வாந்தி வரும், வெண்குருதிக் கலங்கள் குறையும். அவ்வேளை காய்ச்சல் காணின் அன்றே வைத்தியசாலை செல்லவேண்டும். உதிர்ந்த முடி மீண்டும் வளரும்.

எல்லா என்புப் புற்றுக்கும் இம்மருந்து பொருந்தாது. வளர்ந்தோரிடையே மிகுதியாகக் காணப்படும் காண்ட்ரோசார்க்கோமாவுக்குப் பெரும்பாலும் சத்திரசிகிச்சையே வழி. ஆதலின், கட்டியிலிருந்து சிறு துண்டெடுத்துச் சோதித்து வகையறிதலே முதற்கடன்.

இரவில் மிகும் என்பு வலி, வற்றாத வீக்கம் என்பவற்றுக்கு எண்ணெய் பூசிக் காலங்கடத்தற்க. கண்டித் தேசிய வைத்தியசாலையிலும் மகரகம அபேக்சா வைத்தியசாலையிலும் புற்றுநோய்ச் சிகிச்சை இலவசமாகக் கிடைக்கின்றது. ஆயினும், மாதக்கணக்கிற் சென்றுவரப் பொருளும் துணையும் வேண்டும். தம் அயலில் அத்தகைய நோயாளர் ஒருவர் குறித்த நாள் தவறாது சென்றுவரத் துணைநிற்றல், எம் பழைய மாணவர் ஒவ்வொருவர்க்கும் இயலுவதோர் அறமாகும்.