அப்பாவின் லேப்டாப்பும் 150 சதவீத சத்தமும்

"சத்தம் பத்தலடா, இன்னும் கொஞ்சம் ஏத்து."

தருமபுரிக்குப் போகும்போதெல்லாம் அப்பா சொல்வது இது. பழைய லேப்டாப், அதில் லினக்ஸ், தலைக்கு மேலே கடகடக்கும் மின்விசிறி. பழைய படம் போட்டால் வசனம் காதில் விழாது. வால்யூமை 150 சதவீதத்துக்கு ஏற்றிவிடுவார். நடுவில் ஒரு விளம்பரம் வரும் பாருங்கள், தெரு நாய் எழுந்து குரைக்கும். போன முறை ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தபோதும் இதே கதை. பதறிப்போய்க் கழற்றி வீசினார். அதற்கப்புறம்தான் உட்கார்ந்து இதைத் துருவினேன். புரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் அந்த 150 என்ன செய்கிறது? லினக்ஸில் வால்யூம் பட்டை நேர்கோட்டில் ஏறுவதில்லை. சதவீதத்தின் மும்மடிப் பெருக்கம்தான் ஒலி அலையின் மேல் விழுகிறது. 1.5 × 1.5 × 1.5, அதாவது சுமார் 3.4 மடங்கு. டெசிபெல் கணக்கில் பத்தரைக்கு மேல். அதேபோல 50 சதவீதம் என்றால் பாதி இல்லை, எட்டில் ஒரு பங்கு.

16 பிட் ஒலியில் ஒரு மாதிரியின் உச்ச மதிப்பு 32,767. வசனம் 4,000 அளவில் இருந்தால் 3.4 மடங்கு பெருக்கினாலும் 13,600தான், பிரச்சினை இல்லை. ஆனால் விளம்பரம் ஏற்கனவே 30,000-ஐ ஒட்டியே ஓடுகிறது. அதைப் பெருக்கினால் ஒரு லட்சத்தைத் தாண்ட வேண்டும், இடம் இல்லை. அலையின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். நமக்குக் கேட்கும் அந்தக் கரகரப்பு இதுதான்.

ஆக, பட்டையை ஏற்றினால் எல்லாமே சேர்ந்து ஏறும். அப்பாவுக்குத் தேவை அது இல்லை. சின்னச் சத்தத்துக்கும் பெரிய சத்தத்துக்கும் உள்ள இடைவெளி குறைய வேண்டும். அதுவும் ஒவ்வொரு செயலியிலும் தனித்தனியாக இல்லாமல், மொத்தச் சத்தமும் ஸ்பீக்கருக்குப் போகும் வழியில் ஒரே இடத்தில் நடக்க வேண்டும்.

இப்போது பெரும்பாலான லினக்ஸ்களில் ஒலியைக் கையாள்வது பைப்வயர். ஃபெடோராவில் 2021-ல் வந்த 34-ஆம் பதிப்பிலிருந்தும், உபுண்டுவில் 22.10-லிருந்தும் அதுதான் இயல்பு. அதன்மேல் ஓடும் ஈஸிஎஃபெக்ட்ஸ் என்ற இலவச மென்பொருள் ஒரு போலி ஸ்பீக்கரை உருவாக்கும். பிரவுசர், வீடியோ பிளேயர் எல்லாம் அதற்குள் ஒலியைக் கொட்டும். விளைவுகளைக் கடந்து நிஜ ஸ்பீக்கருக்குப் போகும். 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் கொடுத்தார்கள், ஞாபகம் இருக்கலாம். அந்த மாதிரி பழைய லினக்ஸை அப்படியே வைத்திருந்தால் ஈஸிஎஃபெக்ட்ஸ் ஓடாது. பைப்வயர் உள்ள புதிய லினக்ஸ் போட்டுக்கொள்ள வேண்டும்.

நான் வைத்தது மூன்றே விளைவுகள். வரிசை முக்கியம்.

முதலில் ஆட்டோகெயின். ஓடும் ஒலி மனிதக் காதுக்கு எவ்வளவு சத்தமாகப் படும் என்று அளந்து, குறித்த அளவுக்கு மெதுவாக ஏற்றும், இறக்கும். அந்த அளவுகோலின் பெயர் எல்யூஎஃப்எஸ். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010-ல் தொலைக்காட்சிக்கு மைனஸ் 23 என்று வைத்தது. அப்பாவின் சின்ன ஸ்பீக்கருக்கு மைனஸ் 18 சரிப்பட்டது. ஒரு எச்சரிக்கை: படத்தில் யாரும் பேசாத இடத்தில் இது பின்னணி இரைச்சலைத் தூக்கிவிடலாம். இந்த அளவுக்குக் கீழே இருந்தால் மௌனம் என்று எடுத்துக்கொள் எனச் சொல்லும் ஓர் அமைப்பு உண்டு. அதைக் கொஞ்சம் உயர்த்தினால் போதும்.

அடுத்து கம்ப்ரசர். ஆட்டோகெயின் நிதானமாக நகர்வது. திடீர் விளம்பரத்துக்கு ஈடுகொடுக்காது. கம்ப்ரசர் ஒரு எல்லைக்கு மேலே போகும் ஒலியை மட்டும் உடனுக்குடன் அமுக்கும். மூன்றுக்கு ஒன்று விகிதம் வைத்தேன். எல்லையை 6 டெசிபெல் தாண்டினால், 2 டெசிபெல்தான் வெளியே வரும்.

கடைசியில் லிமிட்டர். மைனஸ் 1 டெசிபெல்லுக்கு மேல் எதையும் விடாது. தருமபுரியிலிருந்து சேலம் போகும் லாரி டிரைவர் தொப்பூர் கணவாய் இறக்கம் வருவதற்கு முன்பே கியரைக் குறைப்பார் இல்லையா? லிமிட்டரும் சில மில்லி விநாடி முன்னாலேயே பார்த்து, உச்சம் வருவதற்குள் சத்தத்தைக் குறைத்துவிடும். அதனால் அலை வெட்டுப்படாது. இதற்குப் பிறகு வேறு எதையும் ஏற்றக் கூடாது. முதன்மை வால்யூமும் 100-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் லிமிட்டர் வைத்ததே வீண்.

இதற்கு ஒரு விலை உண்டு. இளையராஜா பாட்டில் ஒற்றைப் புல்லாங்குழல் ஒலிக்கும் இடமும் மொத்த வயலின்களும் சேரும் இடமும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும். அதனால் பாட்டு செயலியை மட்டும் விளைவுகளிலிருந்து விலக்கி வைத்தேன். ஹெட்போன் செருகினால் வேறு அமைப்பு தானாக வரும்படியும் செய்யலாம்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. திரையில் தெரியும் மைனஸ் 18 கணினிக்குள் உள்ள கணக்கு. காதில் விழுவது எத்தனை டெசிபெல் என்று மென்பொருளுக்குத் தெரியாது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது: 80 டெசிபெல் என்றால் வாரம் 40 மணி நேரம், 90 என்றால் 4 மணி நேரம்தான். ஹெட்போனில் பட்டையைக் குறைத்து வைப்பது நம் கையில்தான் இருக்கிறது.

இப்போது அப்பாவின் வால்யூம் 70-ல் நிற்கிறது. விளம்பரம் வந்தால் ஆள் அசைவதில்லை. ஆனாலும் சில வசனங்களுக்கு "என்ன சொன்னான்?" என்று கேட்கிறார். வயதாகும்போது முதலில் மங்குவது உயர்ந்த அதிர்வெண்கள். ச, த மாதிரி எழுத்துகளின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. சத்தம் பத்தாததில்லை, தெளிவு பத்தவில்லை. ஈக்வலைசரில் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை கொஞ்சம் ஏற்றிப் பார்த்தேன், ஓரளவு உதவியது. மிச்சத்துக்கு மென்பொருள் போதாது. அடுத்த வாரம் காது டாக்டரிடம் கூட்டிப் போகிறேன்.