குகை வாயிலில் மூட்டிய தீ

சென்ற தவணை விடுமுறையில் மாணவன் ஒருவன் தான் எழுதிய திகிற்கதை ஒன்றை என்னிடம் தந்தான். பனிப்பாறைக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகள் உறைந்து கிடந்த அரக்கப் பல்லியொன்று உயிர்பெற்றெழுந்து மாநகரொன்றை அழிப்பதே கதை. நடை நன்றாகவே இருந்தது. எனினும், கல்முனையிற் பிறந்து கல்முனையில் வளரும் பிள்ளைக்கு அந்தப் பனிவெளி எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "சேர், நம்மட பக்கத்துல அப்பிடிப் பயங்கரம் ஒண்டும் இல்லையே" என்றான். அவனுக்குச் சொன்ன மறுமொழியையே இங்கு சற்று விரித்து எழுதுகிறேன்.

கடலை இடப்புறத்தே வைத்துக்கொண்டு கல்முனையிலிருந்து தெற்கே போனால், நிந்தவூர், அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் ஆகியவற்றைக் கடந்து பாணமையை அடையலாம். அதற்கப்பால் ஊர்கள் ஒழிந்து காடு தொடங்குகிறது. அக்காட்டின் லேனமைப் பகுதியில் 'நிட்டேவோ' எனும் குள்ள இனம் ஒன்று வாழ்ந்ததென வேடுவர் வழிவழியாகச் சொல்லிவந்தனர். பிரித்தானிய அதிகாரி ஹியூ நெவில் 1886இல் இச்செய்தியை எழுத்திற் பதித்தார். பிரெடரிக் லூயிஸ் என்பவர் 1914இல் அதனை மேலும் விரிவாக வெளியிட்டார்.

நிட்டேவோக்கள் மூன்று அல்லது நான்கு அடி உயரத்தினர். நிமிர்ந்து நடந்தனர், வால் இல்லை. குறுங்கைகளில் நீண்ட கூர்நகங்கள் இருந்தன. குகைகளிலும் மரங்களிலும் கூட்டமாக வாழ்ந்தனர். அவர்களுடைய பேச்சு பறவைகளின் கீச்சொலி போன்றது. உறங்கும் வேடுவனைக் கண்டால் நகங்களால் வயிற்றைக் கிழித்துவிடுவார்களாம். இறுதியில் லேனமை வேடுவர் எஞ்சியோரை ஒரு குகைக்குள் துரத்தி, வாயிலில் சுள்ளிகளைக் குவித்துத் தீ மூட்டினர். தீ மூன்று நாட்கள் எரிந்தது. உள்ளே போனவர் எவரும் வெளியே வரவில்லை. லூயிஸ் கேட்டறிந்த தலைமுறைக் கணக்கின்படி இது 18ஆம் நூற்றாண்டின் இறுதியளவில் நடந்ததாகும்.

வட்டைக்குக் காவல் போனவர்கள் வாடியிற் படுத்துச் சொன்ன பேய்க்கதைகளையும், மஹ்ரிபுக்குப் பின் வாப்பும்மா சொன்ன ஜின் கதைகளையும் கேட்டே நான் வளர்ந்தேன். அவற்றிலெல்லாம் அஞ்சுபவன் மனிதன், அச்சுறுத்துவது மற்றொன்று. நிட்டேவோக் கதையிலோ முடிவில் அச்சுறுத்துபவனாய் நிற்பவன் மனிதனே. அதுதான் என்னை உறங்கவிடாத இடம்.

எலும்பு கதையைப் பிறப்பிப்பதும் உண்டு. கதை எலும்பைத் தேடி அலைவதும் உண்டு. சிவாலிக் மலையடியில் மாபெரும் ஆமையொன்றின் எச்சங்களைக் கண்ட ஹியூ ஃபால்கனர், உலகைத் தாங்கும் ஆமை பற்றிய புராணத்தை அதனோடு ஒப்பு நோக்கினார். நிட்டேவோவின் வழக்கு இதற்கு நேர்மாறானது. கதை இருக்கிறது, எலும்பு இல்லை. கொழும்பு மருத்துவக் கல்லூரியில் உடற்கூற்றியல் பேராசிரியராயிருந்த ஆஸ்மன் ஹில் 1945இல் அவர்களை ஜாவா மனிதனோடு தொடர்புபடுத்தினார். கரடியைக் கண்டு மயங்கிய கதையே இது என்பாரும் உளர். இரத்தினபுரி மாணிக்கக் குழிகளிலிருந்து நீர்யானை, காண்டாமிருகம், சிங்கம் ஆகியவற்றின் எச்சங்கள் வெளிப்பட்டன, பி. இ. பி. தெரணியகல அவற்றை ஆராய்ந்து பெயரிட்டார். பாஹியன் குகையிலோ ஏறக்குறைய 45,000 ஆண்டுகளுக்கு முன் குரங்கையும் அணிலையும் வேட்டையாடி உண்ட மக்களின் தடயங்கள் கிடைத்தன. அவர்கள் நம்மைப் போன்ற மனிதரே. குள்ள இனத்தின் எலும்பு ஒன்றேனும் இந்நாட்டில் இன்றுவரை கிடைக்கவில்லை.

ஆனால் இந்தோனேசியாவின் புளோரஸ் தீவில் கிடைத்தது. லியாங் புவா குகையில் 2003இல் தோண்டியெடுத்து, 2004இல் உலகுக்கு அறிவித்த அந்த மனித இனத்தின் உயரம் ஏறத்தாழ மூன்றரை அடி. அத்தீவின் நாகே மக்களிடத்தும் 'எபு கோகோ' எனும் குள்ளரைப் பற்றிய கதை உண்டு. அந்தக் கதை முடிவதும் எப்படியென்றால், ஊரார் குகைக்குத் தீ வைத்து அவர்களை அழிப்பதாகவே! புளோரஸ் எலும்புகள் 60,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை. அவ்வளவு காலம் ஒரு நினைவு வாய்மொழியாய் வாழுமா என்பது ஐயத்திற்குரியது. ஆயினும் இரு தீவுகளின் கதைகளிலும் ஒரே தீ எரிகிறது.

மேல்நாட்டுத் திகிற்கதைஞர் இத்தகைய கருவை வெகுநாட்களாகவே கையாண்டு வந்துள்ளனர். வேல்ஸ் நாட்டவரான ஆர்தர் மேச்சன் 1895இல் எழுதிய கதையொன்றில், ஒரு பேராசிரியர் பழங்கல் முத்திரை ஒன்றின் துணையால், நாட்டார் அஞ்சிய 'சின்ன மனிதர்' இன்னும் மலைகளில் வாழ்வதைக் கண்டறிகிறார். புதைந்த பொருள் சான்றாகிறது, பாட்டிகதை உண்மையாகிறது, வாசகன் நடுங்குகிறான். இது திறமான உத்தியே. எனினும் அதில் அஞ்சத்தக்கவர் என்றும் 'அவர்கள்'தாம், நாம் அல்லோம்.

நம் எழுத்தாளன் அவ்வழியே சென்றால் இரு தவறுகள் நேரும். கதையைக் காத்துத் தந்த வேடுவரையே காட்டுமிராண்டிகளாக்குவது முதலாவது. அவர்கள் மறைந்துபோன மக்கள் அல்லர்; மட்டக்களப்புக் கரையிலே தமிழ் பேசி வாழும் வேடர் நம் அயலவர். நிட்டேவோக்களை வெறும் அரக்கராக்குவது இரண்டாவது. நகம், கீச்சொலி, கிழிந்த வயிறு ஆகிய அடையாளங்கள் யாவும் கொன்றவர் பக்கத்திலிருந்து வந்தவை. இறந்தவரின் சாட்சியம் நம்மிடம் இல்லை. ஒரு கூட்டத்தை முதலில் மனிதர் என்ற பெயரிலிருந்து நீக்கி, அதன்பின் தீ மூட்டுவது எவ்வாறு நிகழும் என்பதை, 1983 முதல் 2009 வரை யுத்தத்தைக் கண்ட இக்கரையில் எவருக்கும் விளக்கவேண்டியதில்லை. ஆகவே, குகைக்கு வெளியே நின்று எழுதும் கதை நமக்குப் போதாது என்பதே என் துணிபு.

இவற்றையெல்லாம் கேட்டிருந்த மாணவன் தன் கொப்பியைச் சுருட்டிக்கொண்டு எழுந்தான். வாசற்படியில் நின்று, "சேர், அந்தக் குகைக்குள்ள சின்னப் புள்ளைகளும் இருந்திருக்குமா?" என்று கேட்டான்.

இருந்திருக்கும் என்றேன். அவன் வேறொன்றும் கேட்கவில்லை. அடுத்த கிழமை புதுக் கதையொன்றோடு வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறான்.