பூட்டிய கடையும் குறையாத வாடகையும்

2020 ஆகஸ்ட் கடைசியில் திருவல்லிக்கேணியில் ஒரு டி.டி.பி. கடையைக் காலி செய்யக் கூடமாட ஒத்தாசைக்குப் போயிருந்தேன். கடை நண்பருடையது. கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கல்லூரி ஆய்வேடு என்று ஓடிக்கொண்டிருந்த இடம். எங்கள் கூட்டங்களுக்கான துண்டறிக்கைகளும் இரண்டு கவிதைத் தொகுப்புகளும் அங்கேதான் உருவாயின. பாதிக் காசு இன்னும் பாக்கி. மார்ச் 25இல் ஊரடங்கு வந்தது. கல்யாணம் இல்லை, திருவிழா இல்லை, கல்லூரி இல்லை. வாடகை மட்டும் இருந்தது, மாசம் 18,000. நண்பர் 12,000 தருகிறேன், நிலைமை சரியானதும் பழையபடி தந்துவிடுகிறேன் என்றார். கட்டடக்காரர் எழுபது வயசுக்காரர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. காபி வரவழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் சொன்னார்:

“தம்பி, வாடகைய ஒரு தடவை எறக்கிட்டா அப்புறம் ஏத்த முடியாது. பூட்டி வச்சா என்ன? செங்கல்லும் சிமெண்டும் சோறா கேக்குது?”

பத்து மாச அட்வான்ஸில் நாலு மாச பாக்கியையும் பெயிண்டிங் செலவையும் கழித்துக்கொண்டு மீதியைத் தந்தார். ஷட்டரில் ‘டூ லெட்’ அட்டை ஏறியது. 2021 முடியும்வரை, பதினாறு மாசம், அது அங்கேயே தொங்கியது.

நம் வட்டாரங்களில் இதற்கு ஆயத்தமாக ஒரு பதில் உண்டு: பேராசை. நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் பேராசைக்காரன் வருகிற பன்னிரண்டாயிரத்தை விடுவானா? பதினாறு மாசம் சுழியத்தை வாங்கிக்கொண்டு ஒரு மனிதர் நிம்மதியாக இருக்கிறார் என்றால், அங்கே குணத்தைத் தாண்டிய ஏதோ ஒன்று வேலை செய்கிறது. அதைப் புரிந்துகொள்கிற முயற்சியே இது.

1

முதலில் வெறும் கணக்கு. 18,000 வாடகையில் 6,000 குறைத்தால் வருஷத்துக்கு 72,000 நட்டம். கடை நாலு மாசம் காலியாகக் கிடந்தாலே அதே 72,000 போய்விடும். பதினாறு மாசத்தில் அவர் இழந்தது 2,88,000. ஒற்றைக் கடையை வைத்துப் பார்த்தால் இது முட்டாள்தனம். கைக்கு வந்ததை வாங்கிக்கொள்வதே லாபம் என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லும்.

ஆனால் அவருக்கு அந்தக் கட்டடத்தில் ஆறு கடைகள். ஒருவருக்குக் குறைத்த செய்தி மற்ற ஐந்து பேருக்கும் அன்று சாயங்காலமே போய்விடும். ஆறு பேருக்கும் ஆறாயிரம் குறைத்தால் மாசம் 36,000 போகும். ஒன்றைப் பூட்டிப் போட்டால் போவது 18,000 மட்டுமே. ஆக, பூட்டிய ஷட்டர் மற்ற ஐந்து ஷட்டர்களுக்குச் சொல்லப்பட்ட ஒரு வாக்கியம். ‘கேட்டால் இதுதான் கதி’ என்பதே அதன் பொருள். என் நண்பர் வெளியேற்றப்பட்டது அவருடைய பாக்கிக்காக மட்டுமல்ல. மற்றவர்கள் வாய் திறக்காமல் இருப்பதற்காகவும்தான்.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. ஒரே ஒரு மாடியை வாடகைக்கு விட்டு அதில் சாப்பிடுகிற ஓய்வூதியமற்ற கிழவிக்கும், ஆறு கடைக்காரருக்கும் கணக்கு ஒன்றல்ல. கிழவியால் பூட்டி வைக்க முடியாது. அவள் சீக்கிரம் இறங்கி வருவாள். ‘வீட்டுக்காரன்’ என்று பொத்தாம்பொதுவாக நாம் எழுதும்போது இந்த வேறுபாடு மறைந்துபோகிறது.

2

இரண்டாவது கணக்கு கண்ணுக்குத் தெரியாதது. நிலத்தின் விலை என்பது மூலதனமாக்கப்பட்ட வாடகையே என்று மார்க்ஸ் மூலதனம் மூன்றாம் பாகத்தில் விளக்குகிறார். படிக்கும்போது வறட்சியாகத் தோன்றும் இந்த வரையறை வணிகக் கட்டடங்களில் அப்படியே நடக்கிறது. ஒரு கட்டடம் மாசம் ஒரு லட்சம், அதாவது வருஷம் 12 லட்சம் வாடகை தருகிறது என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவர் எட்டு சதவீத வருமானம் எதிர்பார்த்தால் அதன் மதிப்பு ஒன்றரைக் கோடி. வாடகையை 75,000 ஆக்கினால் வருஷத்துக்கு 9 லட்சம். மதிப்பு ஒரு கோடியே பன்னிரண்டரை லட்சம். கையில் போவது மூன்று லட்சம், காகிதத்தில் போவது முப்பத்தேழரை லட்சம். வங்கிக் கடன் அந்தக் காகிதத்தின் மேல்தான் நிற்கிறது. ஒரு வருஷம் முழுக்கக் காலியாகக் கிடந்தாலும் 12 லட்சம்தான் நட்டம். ‘ஆள் வரவில்லை, மார்க்கெட் சரியில்லை’ என்று சொல்லிக்கொள்ளலாம். குறைந்த வாடகையோ ஒப்பந்தத்தில் எழுத்தாகிவிடும்.

எனவே வாடகை என்கிற ஒரே எண்ணுக்குள் இரண்டு விலைகள் இருக்கின்றன. ஒன்று, இடத்தைப் பயன்படுத்துவதற்கான விலை. மற்றது, சொத்தின் மதிப்பைச் சொல்கிற குறி. மந்தம் வரும்போது முதலாவது விழுகிறது, இரண்டாவதை விழாமல் பிடித்து நிறுத்தவே கதவு பூட்டப்படுகிறது.

இதற்கு என் நண்பரின் கடையே சாட்சி. 2022 தொடக்கத்தில் அங்கே செல்போன் உறை விற்கிற கடை வந்தது. அக்ரிமெண்டில் வாடகை அதே 18,000. ஆனால் முதல் மூன்று மாசம் வாடகை கிடையாது என்று பேச்சு. பதினொரு மாச ஒப்பந்தத்தில் எட்டு மாசத்துக்குத்தான் பணம். வகுத்துப் பார்த்தால் மாசத்துக்குச் சுமார் 13,000. நண்பர் தருவதாகச் சொன்னதைவிட ஆயிரம் ரூபாய் கூட, அவ்வளவுதான். கட்டடக்காரர் வாடகையைக் குறைக்கத்தான் செய்தார். குறைத்ததாக எழுத மட்டும் மறுத்தார். பெரிய அலுவலகக் கட்டடங்களிலும் இதே பாணிதான்: எழுதிய வாடகை அப்படியே நிற்கும், இலவச மாசங்கள் ஓசையில்லாமல் சேரும்.

சட்டத்துக்குப் பயந்துதான் பூட்டுகிறார்கள், உள்ளே வந்தவன் போகமாட்டான் என்கிற வாதமும் உண்டு. 1960ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் காலத்தில் அதில் நியாயம் இருந்தது. தலைமுறை மாறியும் வாடகை மாறாத கடைகளைச் சென்னையில் பார்த்திருக்கிறோம். ஆனால் 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் வாடகையை இரு தரப்பு ஒப்பந்தத்துக்கே விட்டுவிட்டது. பயத்தின் காரணம் தளர்ந்த அடுத்த வருஷமே மந்தம் வந்தது. ஷட்டர்கள் அப்போதும் பூட்டியே கிடந்தன.

3

குடியிருப்புப் பிரச்சினை பற்றி 1872இல் எழுதத் தொடங்கிய எங்கெல்ஸ், வாடகைதாரர் – வீட்டுக்காரர் உறவைத் தொழிலாளி – முதலாளி உறவோடு போட்டுக் குழப்பாதீர்கள், இது சாதாரணச் சரக்குப் பரிமாற்றம் என்று புரூதோன் ஆட்களைக் கண்டித்தார். சுரண்டலின் ஊற்று எங்கே என்று காட்ட அது தேவைப்பட்டது. ஆனால் சரக்கிலும் பேதம் உண்டு. வாழைப்பழக்காரம்மா சாயங்காலம் ஆனதும் டஜனுக்குப் பத்து ரூபாய் குறைக்கிறார். விடிந்தால் பழம் கறுத்துவிடும். உழைப்பை விற்கிறவனுக்கோ இன்றைக்கு விற்காத நாள் நாளைக்கு இல்லை. இடம் மட்டும் அழுகுவதில்லை. நம்முடைய நகரங்களில் வீட்டு வாடகை, வீட்டு விலையில் வருஷத்துக்கு இரண்டு மூன்று சதவீதத்தைத் தாண்டுவதே நெடுங்காலம் அபூர்வமாக இருந்தது. உடைமையாளர் எதிர்பார்த்திருப்பது விலை ஏற்றத்தை. அதற்குக் குடியிருக்க ஆள் தேவையில்லை.

ஆக, குறைப்பதா பூட்டுவதா என்கிற கேள்விக்கு அடியில் இன்னொரு கேள்வி கிடக்கிறது: யாரால் காத்திருக்க முடியும்? காத்திருக்க முடிவதே இங்கே அதிகாரம்.

இந்தக் காத்திருப்புக்கு அரசு துணை நின்றது. ரிசர்வ் வங்கி 2020 மார்ச்சில் கடன் தவணைகளுக்கு மூன்று மாத அவகாசம் அறிவித்து, பிறகு ஆகஸ்ட் 31வரை நீட்டியது. கடன் வாங்கிக் கட்டடம் கட்டியவருக்கு அது மூச்சுவிட நேரம் தந்தது. வாடகைதாரர் தரப்புக்கு வந்தது மார்ச் 29ஆம் தேதி உள்துறை அமைச்சக ஆணை: தொழிலாளர்களிடம் ஒரு மாத வாடகை கேட்கக் கூடாது. ஒரே ஒரு மாசம்! விற்காத வீடுகளை வைத்திருக்கும் கட்டுமான நிறுவனங்களுக்கு, அவற்றின் கற்பித வாடகை மீதான வருமான வரியிலிருந்து 2017இல் ஓராண்டு விலக்கு தரப்பட்டது. 2019இல் அது இரண்டாண்டு ஆனது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்திய நகரங்களில் சுமார் 1.1 கோடி வீடுகள் காலி என்றது. மறுவருஷம் அரசின் வல்லுநர் குழு நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறை 1.88 கோடி என்றது. காலியும் பற்றாக்குறையும் ஒரே நகரத்தில் அருகருகே இருக்கின்றன.

காலி என்பதும் எல்லோருக்கும் காலி அல்ல. அந்தப் பதினாறு மாசத்தில் கடையைக் கேட்டு ஆட்கள் வராமல் இல்லை. ஒருவர் பீஃப் பிரியாணி போட வந்திருக்கிறார். “அதெல்லாம் நமக்குச் சரிப்படாது” என்று அனுப்பிவிட்டதாகப் பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். சுகதேவ் தோரட்டும் சகாக்களும் தில்லிப் பகுதியில் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வு, தலித்துகளும் முஸ்லிம்களும் வாடகை வீடு கேட்கும்போது எப்படித் திருப்பி அனுப்பப்படுகிறார்கள் என்று காட்டியது. காத்திருக்க முடிகிறவனுக்கே ஆளைப் பொறுக்கி எடுக்கவும் முடிகிறது. மந்த காலத்தில்கூட சாதி தளராமல் நிற்க இந்தக் காலி இடமே தோள் கொடுக்கிறது.

4

இதற்கு மாற்று என்ன என்று தேட நாம் ரொம்ப தூரம் போக வேண்டாம். நம் வேளாண்மையில் இரண்டு முறைகள் உண்டு. குத்தகையில் மழை பொய்த்தாலும் பேசிய நெல்லை அளந்தாக வேண்டும்; கெட்ட வருஷம் முழுக்கக் குத்தகைக்காரன் தலையில். வாரத்தில் விளைந்ததில் பங்கு. விளையாவிட்டால் இருவருக்கும் இல்லை. வாரம் ஒன்றும் பொற்காலமல்ல, பங்கு எவ்வளவு என்பதில் நிலவுடைமையாளன் வைத்ததே சட்டமாக இருந்தது. அதனால்தான் 1956இல் நியாயவாரச் சட்டம் தேவைப்பட்டது. இருந்தாலும் நட்டத்தைப் பகிர்தல் என்கிற கருத்து அதற்குள் இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், 2020இல் பெரிய வணிக வளாகங்கள் இந்த வாரத்துக்குத்தான் திரும்பின. கடை விற்பனையில் இத்தனை சதவீதம் தாருங்கள், போதும் என்று பல வளாகங்கள் பெரிய கம்பெனிகளிடம் ஒத்துக்கொண்டன. பெரிய கம்பெனி வெளியேறினால் வளாகமே இருண்டுவிடும். மாலுக்கு வாரம், திருவல்லிக்கேணி டி.டி.பி. கடைக்குக் குத்தகை! முடியாது என்று நமக்குச் சொல்லப்பட்ட ஒன்று, முடிகிறவர்களுக்கு நடந்திருக்கிறது.

5

மந்தத்தில் வாடகையைக் குறைக்க வேண்டுமா? வேண்டும். ஆனால் இதைக் கருணையாகக் கேட்பதில் பயனில்லை. ‘நல்ல ஹவுஸ் ஓனர்’ கதைகளை நாம் போதுமான அளவு எழுதிவிட்டோம். என் நண்பரின் கட்டடக்காரரும் நல்லவர்தான், காபி கொடுத்தவர். காத்திருப்பு அவருக்குச் செலவில்லாமல் இருந்தது என்பதே பிரச்சினை.

அதைச் செலவுள்ளதாக ஆக்கலாம். கனடாவின் வான்கூவர் நகரம் 2017 முதல் காலி வீட்டின் மதிப்பில் 1 சதவீதம் வரி போட்டது. 2021இல் அதை 3 சதவீதமாக்கியது. இங்கே ஒற்றை மாடிக் கிழவியை விட்டுவிட்டு, பல கடை, பல வீடு வைத்துப் பூட்டுகிறவர்களிடமிருந்து தொடங்கலாம். ஊரடங்கு மாதிரி அரசே கடையை அடைக்கச் சொல்கிற காலத்தில் வாடகை தானாகவே வாரமாக மாறும் என்று ஒப்பந்தச் சட்டத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லலாம்.

சட்டம் சும்மா வராது. 1915இல் கிளாஸ்கோவில், போரைச் சாக்கிட்டு வாடகையை ஏற்றியபோது, மேரி பார்பர் போன்ற பெண்கள் தெருத்தெருவாக வாடகை தரமாட்டோம் என்று நின்றார்கள். அந்த வருஷக் கடைசியிலேயே பிரிட்டன் வாடகையை உறைய வைத்துச் சட்டம் போட்டது. தனியாகக் காத்திருக்க முடியாதவர்கள் கூடிக் காத்திருந்தார்கள்.

எங்கள் கதையில் ஆறு கடைக்காரர்கள் இருந்தார்கள். என் நண்பர் தனியாகத்தான் மாடி ஏறிப்போய்க் கேட்டார். கூட நான் மட்டும் போயிருந்தேன். மற்ற ஐந்து பேரின் கதவைத் தட்ட வேண்டும் என்று, துண்டறிக்கை எழுதிப் பழகிய எனக்கே தோன்றவில்லை. இப்போது நண்பர் ஆவடியில் வீட்டிலிருந்தே மடிக்கணினியில் வேலை செய்கிறார். கவிதைத் தொகுப்புகளுக்கான பாக்கியை இன்னும் கேட்கவில்லை.