ஒரு போகமா, இரு போகமா?

மே மாதம் பிறந்ததும் காவிரி டெல்டாவின் செய்திகளில் ஒரு கேள்வி முன்னுக்கு வந்துவிடும்: வழக்கமான ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறக்குமா? 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். 2024-இல் ஜூலை 28 வரை திறக்கவில்லை. உரிய காலத்தில் திறந்த ஆண்டுகளில் ‘குறுவைப் பரப்பு சாதனை’ என்று தலைப்பு வரும். எத்தனை ஏக்கரில் நட்டார்கள் என்பதை மட்டுமே அந்தத் தலைப்பு சொல்லும். குறுவையும் தாளடியுமாக இரு போகம் எடுப்பதா, சம்பா ஒன்றோடு நிறுத்திக்கொள்வதா என்று ஒரு விவசாயி எப்படி முடிவெடுக்கிறார் என்பது அதில் இருக்காது. அணையின் நீர்மட்டத்தோடு, நெற்பயிருக்குள் ஓடும் ஒரு நாள்கணக்கும் அந்த முடிவில் சேர்ந்திருக்கிறது.

கணக்கை அவர் கடைசியிலிருந்து போடுகிறார். ஐப்பசி அடைமழை பிடிப்பதற்குள் குறுவை அறுபட வேண்டும். மழையில் சாய்ந்த கதிர் வயலிலேயே முளைவிடும். அறுத்துக் கரையேற்றினாலும் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆடுதுறை 36, ஆடுதுறை 43 போன்ற குறுகிய கால ரகங்களுக்குச் சுமார் 110 நாள். அக்டோபர் நடுவிலிருந்து அதைக் கழித்தால் ஜூன் கடைசிக்குள் விதை மண்ணில் இருக்க வேண்டும். மேட்டூர்த் தண்ணீர் கல்லணைக்கு வரவே சில நாள் ஆகும். கடைமடைக்கு இன்னும் தாமதமாகும். ஜூலை 28-இல் திறந்த தண்ணீரை நம்பி விதைத்தால் அறுவடை நவம்பர் நடுவில், கொட்டும் மழையில் வந்து நிற்கும். பம்பு செட் வைத்திருப்பவர் அணைக்காகக் காத்திருக்காமல் முன்னரே நாற்றங்கால் விட்டுவிடுவார். வாய்க்காலை மட்டும் நம்பியிருப்பவருக்கு அந்த ஆண்டு சம்பாதான்.

இன்னும் வேகமான விதை வந்தால் போதாதா? ‘அதிசய விதை’ என்ற விளம்பரங்கள் இந்த ஆசையைத்தான் குறிவைக்கின்றன. ஆனால் நெல்லின் வாழ்நாளில் சுருக்கக்கூடிய பகுதி ஒன்றுதான். கதிர் கருக்கொள்வதிலிருந்து பூக்கும் வரை சுமார் 35 நாள்; பூவிலிருந்து மணி முற்றச் சுமார் 30 நாள். நம் தட்பவெப்பத்தில் எந்த ரகமானாலும் இந்த 65 நாள் பெரிதாக மாறாது. 110 நாள் ரகத்துக்கு வேர்பிடித்துத் தூர் கட்ட மிஞ்சுவது 45 நாள். 155 நாள் ரகத்துக்கு 90 நாள் கிடைக்கிறது. அந்த 45-ஐயும் வெட்டிக்கொண்டே போனால் தூர் குறையும், கதிர் குறையும், மூட்டை குறையும். ஆகவே வயதை மட்டும் சொல்லி விற்கப்படும் விதையிடம் விளைச்சலையும் கேட்க வேண்டும்.

வேர்பிடித்துத் தூர் கட்டும் இந்த முதல் கட்டம் எப்போது முடிகிறது என்பதில்தான் நெல்லின் அழகான வித்தை இருக்கிறது. பழைய சம்பா ரகங்கள் பலவற்றின் இலை இரவின் நீளத்தை அளக்கிறது. தஞ்சையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம்தான் வித்தியாசம். அந்தச் சிறு மாற்றமே பயிருக்குப் போதும். கல்யாண வீட்டில் பஞ்சாங்கம் பார்ப்பவர் இந்த இலை. இரவு போதிய அளவு நீண்டதும் முகூர்த்தம் குறித்து, அழைப்பிதழ் எழுதி அனுப்பிவிடுகிறது. அழைப்பிதழ் என்பது எச்.டி.3.ஏ என்ற புரதம். இலையில் உருவாகும் அது குருத்தின் நுனிவரை போய்ச் சேருகிறது என்பதை 2007-இல் ஜப்பானின் நாரா மாகாண ஆய்வாளர்கள் காட்டினார்கள். கையில் கிடைத்ததும் குருத்து இலை விடுவதை நிறுத்திவிட்டுக் கதிர் கட்டத் தொடங்கும். ஆனியில் விதைத்தாலும் ஆவணியில் விதைத்தாலும் இந்த ரகங்களுக்கு முகூர்த்தம் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டு மாதம் முன்னரே வந்த விருந்தாளி பந்திக்குக் காத்திருந்து, தின்று வளர்ந்து, கடைசியில் சாய்ந்தும் விடுவார். குறுவை ரகம் பஞ்சாங்கத்தைப் பெரிதாக மதிப்பதில்லை. தன் வயது நிரம்பியதும் தானே நாள் குறித்துக்கொள்கிறது. அதனால்தான் நீண்ட பகல் உள்ள ஆடியிலும் அந்த ரகத்தால் கதிர் கட்ட முடிகிறது.

குறுவையின் பின்கதை நீளமானது. இங்கே இரண்டு செய்தி போதும். முன்னாளில் டெல்டாவில் குறுவை விதையோடு ஒட்டடையான் என்ற நீண்ட கால நெல்லைக் கலந்து விதைப்பார்கள். குறுவையை அறுத்த பின் ஒட்டடையான் தழைத்துத் தன் காலத்தில் விளையும். 1960-களில் ஆடுதுறை ஆய்வு நிலையத்தின் ஆடுதுறை 27, ஜப்பானிய நெல்லையும் நம் நெல்லையும் கலந்து உருவான 105 நாள் ரகம், குறுவையைப் பரவலாக்கியது.

குறுவை நன்றாக விளைந்தாலும் முடிவு முடிந்துவிடுவதில்லை. அடுத்து தாளடி. அதன் இளநாற்று வயலுக்கு வருவதே மழை உச்சத்தில் இருக்கும்போதுதான். வடிகால் தூர்ந்த ஊரில் அது மூழ்கி அழுகும். தப்பித்தால் மேகமூட்டத்தில் வெளிச்சமின்றித் தூர் கட்ட வேண்டும்; மணி முற்றும் வேளையில், வழக்கமாக ஜனவரி 28-இல், மேட்டூர் மூடப்படும். செப்டம்பரில் நட்ட சம்பா, அடைமழைக்குள் வேரூன்றி உயர்ந்துவிடுகிறது. பள்ளமான நிலம் உள்ளவர் தண்ணீர் இருக்கும் ஆண்டிலும் குறுவையை விடுவது அச்சத்தால் அல்ல, இந்தக் கணக்கால்தான்.

சம்பா மட்டும் எடுப்பவரை ஒரு போகக்காரர் என்று எழுதுவதும் சரியல்ல. அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள் முன்பு, நிற்கும் நெல்லுக்குள் மெழுகு பதத்தில் இருக்கும் மண்ணில் உளுந்தையோ பச்சைப்பயறையோ தெளித்துவிடுவார்கள். நெல்லின் நிழலில் முளைத்து, அறுத்த பின் வெயில் கண்டு, மிச்ச ஈரத்திலும் பனியிலும் எழுபது நாளையொட்டி அது காய்த்துவிடும். உழவு இல்லை, பாசனம் இல்லை; வேர் முடிச்சுகளில் தழைச்சத்தும் சேரும். குறுவைத் தலைப்புகளில் இந்தப் பயிருக்கு இடம் கிடைப்பதில்லை.

இதற்கும் இப்போது ஒரு தடை வந்திருக்கிறது. ஈர வயலில் அறுக்க வரும் பெல்ட் வண்டி, முளைத்த பயறை நசுக்கிவிடுகிறது. வண்டி போன பிறகு தெளிக்கலாம் என்றால் மேல்மண் காய்ந்திருக்கும். ஆகவே உளுந்து போடுவதா என்ற முடிவு, தை மாதத்தில் கையறுப்புக்கு ஆள் கிடைப்பதையும், கேட்கும் கூலி உளுந்தின் விலைக்குக் கட்டுப்படியாவதையும் பொறுத்தே அமைகிறது.