வைகாசி முகூர்த்தமும் அடுப்படி வெயிலும்

மண்டபம் காலியாக இருக்கும் தேதி, ஜாதகத்துக்குப் பொருந்தும் தேதி, வெளிநாட்டில் இருக்கும் மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கும் தேதி. இவை மூன்றும் கூடிவந்தால் பத்திரிகை அச்சுக்குப் போய்விடுகிறது. அன்றைக்கு வானம் எப்படி இருக்கும் என்பதைக் கடைசியில்தான் யோசிக்கிறோம்.

அதிலும் மழைக்கு மட்டும்தான் பயப்படுகிறோம். பயத்துக்குக் காரணமும் உண்டு. 2015 டிசம்பர் சென்னை வெள்ளம், 2016 வர்தா புயல், 2020 நிவர், 2023 மிக்ஜாம், 2024 ஃபெஞ்சல் எல்லாமே கார்த்திகையில் வந்தவை. ஆனாலும் புயலுக்குச் சில நாள் முன்பே எச்சரிக்கை வந்துவிடுகிறது. வரவேற்பைத் தள்ளிவைத்தாலும் உறவுகள் புரிந்துகொள்கின்றன. வெயிலைக் காரணம் காட்டி எந்தக் கல்யாணமும் தள்ளிப்போவதில்லை.

கத்திரி வெயில் மே 4 வாக்கில் தொடங்கி ஏறக்குறைய 25 நாள் நீடிக்கிறது. அந்த நாட்களில் கிணறு வெட்ட மாட்டோம், புது வீடு குடிபுக மாட்டோம். கல்யாணத்துக்கு மட்டும் தடையில்லை. பள்ளி விடுமுறையும் சேர்ந்துகொள்வதால் சித்திரை, வைகாசி முகூர்த்தங்களுக்கு மண்டபம் கிடைப்பதே பெரும்பாடு. கத்திரி கழிந்ததும் சூடு தணிந்துவிடும் என்றும் நம்ப முடியாது. மே கடைசியில் மேற்குக் காற்று வலுத்தால் சென்னைக்குள் கடற்காற்று நுழையவே தாமதமாகிறது. 2003 மே 31 அன்று சென்னையில் வெயில் 45 டிகிரி செல்சியஸைத் தொட்டது. கத்திரி முடிந்த பிறகு வந்த வைகாசி நாள் அது.

முன்கூடத்தில் ஏசி இருப்பதால் மணமக்களுக்கும் விருந்தினருக்கும் இந்தச் சூடு உறைப்பதில்லை. ஆனால் பல மண்டபங்களில் சமையற்கட்டு பின்புறம் தகரக் கூரைக்குக் கீழே இருக்கிறது. அதிகாலை முகூர்த்தம் என்றால் நடுச்சாமத்திலேயே அடுப்பு மூட்டியாக வேண்டும். காலை டிபன் முடியும் முன்பே மதியச் சாப்பாட்டுக்கு உலை கொதிக்கிறது. அண்டாவில் சாதம் வடிப்பவர், எண்ணெய்ச் சட்டி முன் நின்று வடை எடுப்பவர், பாத்திரம் துலக்கும் பெண்கள் எல்லோரும் கடைசிப் பந்தி எழும்வரை அங்கேதான். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். கஞ்சி ஆவியும் புழுக்கமும் சூழ்ந்த இடத்தில் வியர்வை வழிகிறதே தவிர, உலர்வதில்லை. மயக்கத்தில் தொடங்கி உயிராபத்துவரை கொண்டுபோகும் சூடு அது. மறுநாளும் முகூர்த்தம் இருந்தால் அதே ஆட்கள் அடுத்த மண்டபத்தில் அடுப்பு மூட்டுகிறார்கள்.

ஆடியில் கல்யாணம் செய்தால் சித்திரை வெயிலில் பிரசவம் நேரும் என்று பெரியவர்கள் ஒரு காரணம் சொல்வார்கள். பத்து மாதம் கழித்து ஒரு பெண் படப்போகும் அவஸ்தைவரை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கரிசனம் நமக்குச் சோறு ஆக்கிப்போடும் ஆட்கள் மீதும் வர வேண்டாமா?

வேறு மாதம் பார்க்கலாமே என்றால், கோடையில் மல்லிகை மலிவு, தையில் விலை ஆயிரங்களில் ஏறும், பங்குனியில் பிள்ளைகளுக்குப் பரீட்சை என்பார்கள். உண்மைதான். பூச்செலவைக் குறைத்துக்கொள்ளலாம், கத்திரியில் அடுப்பின் சூட்டைக் குறைக்க முடியாது.

மழை ஓய்ந்து வெயில் ஏறாத தை, மாசியில் முகூர்த்தம் கிடைத்தால் முதலில் அதைப் பிடியுங்கள். வைகாசியை விட்டால் வேறு வழியில்லை என்றால், மண்டபம் பேசப் போகும்போது மேடையைப் பார்ப்பதோடு நிற்காமல் சமையற்கட்டுக்குள்ளும் போங்கள். புகைபோக்கி இருக்கிறதா, காற்று வர ஜன்னல் இருக்கிறதா, வேலையாட்கள் சற்றுப் படுக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இலையில் பொரியல், வறுவல் வரிசையைச் சுருக்கிக்கொள்ளுங்கள். சமையல்காரரிடம் பேசும்போதே ஆட்களை இரண்டு முறையாகப் பிரித்து வேலை வாங்கச் சொல்லி, அதற்கான கூடுதல் கூலியையும் பேசி முடியுங்கள். விருந்தினருக்கு வாசலில் வைக்கும் மோர்ப் பானையைப் போல ஒன்று அடுப்படியிலும் இருக்கட்டும். லட்சக்கணக்கில் செலவாகும் கல்யாணத்தில் இதெல்லாம் பெரிய தொகையல்ல. நாள் குறிக்கும்போதே இதையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.