கடும் வயிற்று வலிக்கு ஊசி கேட்கலாமா?

"சூட்டு வலிதான், சோடா குடிச்சா சரியாயிடும்" - குழுக் கூட்டங்களில் நாங்கள் அடிக்கடி கேட்பது இது. திடீரென வந்து கூடிக்கொண்டே போகும் வலிக்கு 108-ஐக் கூப்பிடுங்கள். ஆபரேஷன் தேவைப்படலாம், அதனால் கஷாயம்கூட வேண்டாம். கடை மாத்திரையும் வேண்டாம். குடற்புண் இருந்தால் ரத்தம் கசியலாம்.

ஆஸ்பத்திரியில் சில இடங்களில், "ஊசி போட்டா நோய் தெரியாம போயிடும்" என்று காக்க வைப்பார்கள். 1921-ல் இங்கிலாந்து டாக்டர் சக்கரி கோப் தம் புத்தகத்தில் வலியுறுத்திய எச்சரிக்கை அது. டாக்டர் அளவோடு கொடுக்கும் வலி மருந்தால் நோயைக் கண்டுபிடிப்பதில் தவறு கூடுவதில்லை என்று பிற்கால ஆய்வுகள் காட்டிவிட்டன. "டாக்டர், தாங்க முடியல, சோதிக்கும்போதே வலிக்கு மருந்து தர முடியுமா?" என்று தாராளமாகக் கேளுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை.

மாதவிலக்கு தள்ளிப்போயிருந்தால், மாமியார் பக்கத்தில் நின்றாலும், அதை முதலில் சொல்லுங்கள். கரு குழாயில் தங்கியிருந்தால் உயிருக்கே ஆபத்து. குடும்பக் கட்டுப்பாடு செய்தவர்களுக்கும் அபூர்வமாக இது வருவதுண்டு.