வரத்துக்காலை வரைபடத்தில் ஏத்துவோம்

கண்மாயைத் தூர்வாரச் சொல்லி மனு கொடுக்கிறோம். மடையும் கலுங்கும் கண்ணுக்குத் தெரியுது. ஆனால் தண்ணி கொண்டுவருகிற வரத்துக்கால் எங்கே தொடங்குது, யார் வயலோரம் வருது என்று கேட்டால் இளவட்டங்களுக்குத் தெரியாது. பெரியவர்கள் மனசில் மட்டும் இருக்கிற படம் அது, அவர்களோடு போய்விடும். அதைப் பதிந்து வைக்கத்தான் செல்போனை எடுங்கள் என்கிறேன்.

ஆனால் செல்போனில் தொடங்காதீர்கள். நாங்கள் முதலில் தரையில் கோலப்பொடியால்தான் வரைகிறோம். செல்போனைக் கொடுத்தால் நாலு பையன்கள்தான் பேசுவார்கள். தரையில் கோடு போட்டால் ஆடு மேய்க்கிறவர்கூட "அங்க இல்லப்பா, புளியமரத்துக்குக் கிழக்கால" என்று திருத்துவார். எந்தக் கிணறு கோடையிலும் வத்தாது என்பதைப் பெண்கள்தான் சரியாகச் சொல்கிறார்கள். சாவடிக்கு வரத் தயங்குகிறவர்கள் இருந்தால் பள்ளிக்கூடத் திடலில் வையுங்கள். காலனி மக்கள் உட்காராத படம் பாதி ஊரின் படம்தான்.

அப்புறம் நடை. விவரம் தெரிந்த பெரியவர் முன்னால் போகட்டும். நடந்த பாதையைப் பதியும் ஜிபிஎஸ் செயலியை ஓடவிட்டு நீங்கள் பின்னால் போங்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து வருவது, நெட் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். வெட்டவெளியிலேயே ஏறத்தாழ 5 மீட்டர் பிசகும், மரத்தடியில் இன்னும் கூடும். அதனால் வரப்புத் தகராறுக்கு இதைக் காட்டாதீங்க, அதற்கு சர்வேயர்தான்.

பதிந்த கோட்டை ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றலாம். 2004இல் இங்கிலாந்தில் தொடங்கிய பொது வரைபடம் அது. யாரும் சேர்க்கலாம், திருத்தலாம், காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். ஊருணி, குட்டை பெயர்களை நம்ம ஊர் வழக்கிலேயே தமிழில் எழுதலாம்.

அடுத்ததுதான் முக்கியம். அரசின் நிலப்பதிவு இணையதளத்தில் புலப்படமும் அ-பதிவேடும் கிடைக்கும். அதில் ஓடை, வாய்க்கால் புறம்போக்கு என்று சர்வே எண்ணோடு இருக்கிற இடம், நேரில் போனால் கரும்புத் தோட்டமாக இருக்கலாம். நாம் வரைந்த படம் சட்டப்படி ஆதாரம் ஆகாது. ஆனால் புலப்படத்தைப் பக்கத்தில் வைத்து, சர்வே எண்ணைக் குறித்து மனு கொடுத்தால் "எந்த வாய்க்கால்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்ப முடியாது.

எல்லாத்தையும் ஏத்திடாதீங்க. தேன்கூடு கட்டும் மரம், மூலிகை இருக்கிற இடம், கிணற்றுக்காரர் பெயர் இதெல்லாம் பொதுப்படத்தில் வேண்டாம். ஒருதரம் வெளியே போனால் திரும்ப வாங்க முடியாது. எதை ஏற்றுவது என்று ஊர்க்கூட்டத்தில் பேசி முடிவு செய்யுங்கள். மிச்சத்தைக் காகிதத்தில் ஊரே வைத்துக்கொள்ளட்டும்.

ஐப்பசி மழையில் தண்ணி ஓடும்போது மறுபடி ஒருமுறை நடந்து பாருங்கள். எந்த இடத்தில் அது நம்ம கோட்டை விட்டுத் திரும்புது என்று அப்போதுதான் தெரியும்.